பூட்டு யார் கையில்?

(ராசிபுரத்தில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒருநாள் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'இணையத்தில் குழந்தைகள் பாதுகாப்பும் அரசின் கட்டுப்பாடும்'. துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "ஏப்பா, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்தே கை சலிச்சுப் போச்சு. அதெல்லாம் முடிஞ்சுதா? இப்ப செல்போனுக்கு வந்துட்டீங்க?" நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே பேசப் போகிறேன். பொதுக் கிணற்றில் என்ன பிரச்சனை? யார் தொடலாம், யார் தொடக் கூடாது, தொட்டால் யார் அடிப்பார்கள், அடித்தால் யார் கேட்பார்கள் என்பதுதானே. செல்போனிலும் கேள்வி அதேதான்.

2019 ஏப்ரல் மாதத்தை எடுத்துக் கொள்வோம். அந்த மாதம் 3ஆம் தேதி, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு போட்டது. ஆபாசம் பரவுகிறது, முகம் தெரியாத ஆட்களிடம் குழந்தைகள் சிக்குகிறார்கள், ஆகவே தரவிறக்கம் செய்வதை நிறுத்து என்றார்கள். டிக்டாக்கில் எடுத்த காட்சிகளைத் தொலைக்காட்சிகள் போடக்கூடாது என்றும் சொன்னார்கள். கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடையிலிருந்து அந்தச் செயலியைத் தூக்கினார்கள். பிறகு கம்பெனிக்காரர்கள் வக்கீல் வைத்து, உறுதிமொழி கொடுத்து, 24ஆம் தேதி தடையை விலக்க வைத்தார்கள். நாடு முழுக்க அதுதான் பேச்சு. குழந்தைகளைக் காப்பாற்ற நீதிமன்றமே களத்தில் இறங்கிவிட்டது என்று எழுதினார்கள்.

அதே ஏப்ரல் மாதம், அதே வாரம், நம்ம ராசிபுரத்தில் என்ன நடந்தது? உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு சுற்றியது. வேலையிலிருந்து விலகிய ஒரு செவிலியர், குழந்தை கேட்கும் ஒருவரோடு விலை பேசுகிற பதிவு. ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த விலை. நிறத்துக்கும் எடைக்கும் தகுந்த மாதிரி ஏற்ற இறக்கம். பிறப்புச் சான்றிதழும் சேர்த்தே முடித்துக் கொடுப்பதாகப் பேச்சு. இந்தத் தொழிலை முப்பது வருசமாகச் செய்து வருவதாக அந்தக் குரலே சொன்னது. தடை விலகிய மறுநாள், 25ஆம் தேதி, கைது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குழந்தைகள் எங்கிருந்து வந்தன என்று விசாரிக்கப் போனால், விசாரணை கொல்லிமலைக்குப் போய் நின்றது. பிரசவத்துக்குக் கீழே இறங்கி வரவே வழியில்லாத பழங்குடிக் குடும்பங்கள்.

தோழர்களே, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது வருசம் என்பது உண்மையானால், அந்த முப்பது வருசமும் இங்கே அரசு மருத்துவமனை இருந்தது, நகராட்சி இருந்தது, காவல் நிலையம் இருந்தது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகமும் பின்னால் வந்து சேர்ந்தது. எதுவும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது ஒரு கைப்பேசிப் பதிவு. குழந்தைக்கு ஆபத்து இணையத்தில் இருக்கிறது என்று மதுரையில் சொல்லிக் கொண்டிருந்த நேரத்தில், ஆபத்து நம்ம ஊர்த் தெருவில் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது இணையம்.

இதனால் இணையம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்ததைக் கேளுங்கள்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக் கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டுவதற்காக அவரையே பேச வைத்து செல்போனில் படம் எடுத்தார்கள். முக்கியக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில், போலீசுக்குச் சவால் விட்டு வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பிக் கொண்டிருந்தார். போலீசுக்குக் கிடைக்காத ஆளின் குரல், பள்ளிக்கூடப் பையன்கள் கைப்பேசியில் எல்லாம் கிடைத்தது. எத்தனை பையன்களுக்கு அவர் நாயகனாக ஆனார் என்பதை இந்த மாவட்டத்தில் இருக்கிற நாம் கண்ணால் பார்த்தோம். அந்த வழக்கை விசாரித்த, நம்மில் ஒருவரான துணைக் காவல் கண்காணிப்பாளர் விஷ்ணுப்பிரியா அந்தச் செப்டம்பரில் தூக்கில் கிடந்தார். யுவராஜுக்கு 2022 மார்ச்சில் சாகும்வரை சிறை என்று தண்டனை வந்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புக்குக் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியமான சாட்சி. ஆக ஒரே கருவி கொலையை மறைக்கவும் பயன்பட்டது, கொலையைப் பெருமையாக்கவும் பயன்பட்டது, கொலைகாரனைப் பிடித்துக் கொடுக்கவும் பயன்பட்டது.

இப்போது அரசிடம் வருவோம். அரசு இணையத்தைக் கட்டுப்படுத்துகிறதா? நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை வைத்து, முகநூலில் எழுதியவர்களையெல்லாம் பிடித்தார்கள். 2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ரத்தான பிரிவில் அதற்குப் பிறகும் வழக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள்; 2021இல் உச்சநீதிமன்றமே இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது.

அப்படியானால் சாதிவெறிக் காணொளிகளுக்கு என்ன செய்தார்கள்? அரிவாளைத் தூக்கிக்கொண்டு, சாதிப் பாட்டுக்கு மீசை முறுக்கி, நம் பெண்களையும் தலைவர்களையும் கேவலமாகப் பேசி டிக்டாக்கில் போட்டதெல்லாம் மறந்துவிடவில்லையே? அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைது நடந்தது. ஆனால் மதுரை உத்தரவின் கவலை ஆபாசம். 2020 ஜூனில் ஒன்றிய அரசு டிக்டாக்கை மொத்தமாகத் தடை செய்தபோது சொன்ன காரணம் நாட்டுப் பாதுகாப்பு, எல்லையில் சீனத் தகராறு. சாதி எந்த இடத்திலும் காரணமாக வரவில்லை. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த இணைய இடையீட்டாளர் விதிகளைப் படித்துப் பாருங்கள். எதையெல்லாம் பதிவேற்றக் கூடாது என்று நீளமான பட்டியல் இருக்கிறது. குழந்தைக்குக் கேடானது இருக்கிறது, சூதாட்டம் இருக்கிறது. 'சாதி' என்கிற சொல் 2022 அக்டோபர் திருத்தத்தில்தான் வருகிறது. அதுவும் வன்முறையைத் தூண்டும் நோக்கத்தோடு பகைமை வளர்த்தால் என்ற நிபந்தனையோடு. பறையன், சக்கிலி என்று ஒரு பிள்ளையை அதன் வகுப்புக் குழுவிலேயே கூப்பிட்டால் அது குழந்தைக்குக் கேடு என்று அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. குழந்தை என்று அவர்கள் சொல்லும்போது அவர்கள் மனதில் இருக்கிற குழந்தை யார்? சேரிக் குழந்தை இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாலு வருசத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்துத் தெருவில் பத்தாவது படித்த ஒரு பெண். அப்பா சேகோ ஆலையில் கூலி. கொரோனாக் காலத்து ஆன்லைன் வகுப்புக்காக வட்டிக்கு வாங்கிக் கொடுத்த போன் அது. பள்ளி விழாவில் எடுத்த படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, வேறு ஒரு உடம்போடு ஒட்டி, ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான் கூடப் படிக்கிற ஒரு பையன். கீழே சாதிப் பேரைச் சொல்லி ஒரு வரி. அப்பாவும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "பொட்டப் புள்ளைக்கு எதுக்குய்யா போன் வாங்கிக் குடுத்த?" எழுதி வாங்கவில்லை. பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பையன் வீட்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, "சின்னப் பசங்க, விட்ருங்க" என்றார். விட்டோம்.

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் நானும்தான் சொன்னேன், "போனை வாங்கி வெச்சிருங்கண்ணா, கொஞ்ச நாளைக்கு" என்று. போனை வாங்கி வைத்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார்கள். அடுத்த வருசம் அவள் மில் விடுதிக்குப் போய்விட்டாள். அங்கேயும் போன் வைத்துக்கொள்ள விடுவதில்லை. பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் கேட்டாள்: "சித்தப்பா, தப்பு பண்ணுனது அவன். எம் போன எதுக்குப் புடுங்குனீங்க?" எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

எனக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரியும். எத்தனையோ வழக்குக்கு அலைந்திருக்கிறேன். ஆனால் அது செல்போனுக்குள்ளும் வரும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் வருசத்து போக்சோ சட்டத்தில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, வெட்டி ஒட்டித் திரித்த படமும் குற்றத்துக்குள் வருகிறது என்பதையும் நான் படித்திருக்கவில்லை. அந்தப் பையனைச் சிறையில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் பதினாறு வயசுதான். அவனுக்குச் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. கீழே எழுதிய அந்தச் சாதி வரியை அவன் யாரிடம் கற்றான்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தடுக்கப் போன தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களும் கூடப் படித்த பிள்ளைகள்தான். அரிவாள் பிடிக்கிற குழந்தையும் பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தைதான். யாரிடமிருந்து? சாதியிடமிருந்து.

அந்தக் காவல் நிலையக் கேள்வி ஒரு ஏட்டையாவின் புத்தி என்று நினைக்காதீர்கள். அது ஒரு அரசியல். 2016இல் சேலம் இளம்பிள்ளை பக்கத்தில் 21 வயதுப் பெண், திரித்த படத்தை முகநூலில் போட்டார்கள் என்று புகார் கொடுத்துவிட்டு, நடவடிக்கை இல்லாமல் சில நாளில் தற்கொலை செய்துகொண்டார். புகாரை விசாரிக்க வேண்டிய காவலர் செல்போன் லஞ்சமாகக் கேட்டார் என்று வெளியே வந்தது. மாவட்டக் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். 2019 பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் அச்சானது. 25 லட்சம் நட்டஈடு கொடு என்று உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருந்தது. ஆனால் புகார் சொன்ன பெண்ணைக் காப்பாற்றும் எண்ணம் எங்கேயும் இல்லை.

அடுத்தது பெற்றோர் சம்மதம். 2023ஆம் வருசத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைப் பயன்படுத்த நிறுவனங்கள் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தக் கடமையை நிறைவேற்ற 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று அமல்படுத்தியது. அதே டிசம்பரில், 2018இல் போட்ட ஒரு பொதுநல மனுவை முடித்து வைத்த மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா மாதிரிச் சட்டத்தை ஒன்றிய அரசு யோசிக்கலாம் என்றது.

இந்தச் சட்டங்களில் நல்லதும் இருக்கிறது. குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பது, குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவது ஆகியவற்றை 2023 சட்டம் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆஸ்திரேலியாவில் அபராதம் கம்பெனிக்குத்தான், பிள்ளைக்கோ தாய் தகப்பனுக்கோ இல்லை. நம் பிள்ளைகளின் கண்ணை விற்றுக் காசு பார்க்கிற கம்பெனிகளைக் கட்டிப்போடும் சட்டத்தை நாம் ஆதரிக்க வேண்டும். இதில் குழப்பம் வேண்டாம். வெள்ளைக்காரன் கம்பெனியின் சுதந்திரம் நம்முடைய சுதந்திரம் அல்ல.

ஆனால் 'பெற்றோர் சம்மதம்' என்கிற சொல்லை இந்த மண்ணில் யார் பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2012 நவம்பரில் தருமபுரி நாய்க்கன்கொட்டாயில் மூன்று ஊர் சேரியைக் கொளுத்தினார்களே, அதற்கு முன்னும் பின்னும் சாதிக் கட்சிகள் மேடை மேடையாகப் பேசியது என்ன? காதல் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதத்தைச் சட்டமாக்கு என்பதுதான். கொங்குப் பகுதிச் சாதி அமைப்புகளும் அதையே பேசின. 2019 ஜூலையில் குஜராத் பனஸ்கந்தாவில் 12 ஊர் தாக்கோர் சாதியினர் கூடி, கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானமே போட்டார்கள். அவர்களும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். சாதி நிற்பதே பெண்ணின் உடம்பையும் அவள் பேச்சையும் காவல் காத்துத்தான் என்று அம்பேத்கர் 1916லேயே விளக்கிவிட்டார். பதினேழு வயதுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்பதைச் சரிபார்க்கும் சாவியை அரசு சட்டப்படி வீட்டுக்குக் கொடுத்தால், சாதி வீட்டில் அந்தச் சாவி எதற்குப் பயன்படும் என்று கோகுல்ராஜ் கொல்லப்பட்ட மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் வீட்டுக்கு வாருங்கள். ஒரே போன். அதில்தான் அப்பாவுக்கு வேலைக்குக் கூப்பிடுகிற அழைப்பு, அம்மாவுக்கு சுய உதவிக் குழு, பிள்ளைக்குப் பாடம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம். இதில் எந்த வயதை, யாருடைய வயதைச் சரிபார்ப்பார்கள்? முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைதான் அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர். சம்மதம் கேட்கும் பக்கத்தைத் தாய்க்குப் படித்துக் காட்டுவதே அந்தப் பிள்ளைதான். அடையாள அட்டை காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றால், மிரட்டப்படுகிற ஒரு தலித் மாணவர் பேரை மறைத்துக்கொண்டு தன் பள்ளியில் நடக்கும் கொடுமையை எங்கே போய்ச் சொல்வார்? அதே சட்டம் அரசின் அமைப்புகளுக்கு விதிவிலக்கும் கொடுக்கலாம் என்கிறது. நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும், கேள்வி கேட்க முடியாது.

நமக்குப் பேச இடம் எளிதாகக் கிடைத்ததில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னையும் தொடங்கியது மற்றவர் பத்திரிகையில் நமக்கு இடம் இல்லாததால்தான். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைத் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. இன்றைக்கு எந்தக் காலனியில் தீண்டாமைச் சுவர் எழும்பினாலும், தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தாலும், முதலில் படம் எடுத்துப் போடுவது அங்கே இருக்கிற நம் தம்பி தங்கைகள்தான். 2022 டிசம்பரில் வேங்கைவயல் வெளியே வந்ததும், குடிக்கும் தண்ணீரால் பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான். அந்தப் பிள்ளைகளைக் காக்க வேண்டிய பெரியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

ஆகவே தோழர்களே, கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல நம் கேள்வி. யார்மீது கட்டுப்பாடு, யார் கையில் பூட்டு என்பதே கேள்வி. நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: குழந்தைக்குக் கேடானது என்கிற பட்டியலில் சாதி இழிவு வெளிப்படையாக, வன்முறை நோக்கம் என்ற நிபந்தனை இல்லாமல் வர வேண்டும்.

இரண்டு: பொறுப்பும் அபராதமும் கம்பெனிமீது. பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்குவது பாதுகாப்பு ஆகாது.

மூன்று: திரித்த படம் பற்றிய புகாரை வாங்க மறுக்கும் அதிகாரிமீது நடவடிக்கை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கடமை தவறுகிற, தலித் பழங்குடி அல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்கச் சொல்கிறது. எத்தனை பேர்மீது அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்?

நான்கு: ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் மில் விடுதிகளிலும், பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் புகார் சொல்ல வழி. மில் விடுதியில் போன் பேச உரிமை.

கோரிக்கை வருகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்றைக்கே செய்யக் கூடியது இருக்கிறது. இப்படி ஒன்று நடந்தால் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், சாட்சிக்கு என்றுகூட. குழந்தையின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமே என்று 2024 செப்டம்பர் 23இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் ரத்தானது நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புதான். எந்தக் குழு, எந்த எண், எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். 1098க்குச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பேர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். அந்தக் கம்பெனிக்கும் எழுதுங்கள். இப்படிப்பட்ட படத்தை எடுக்க 2021 விதியில் 24 மணி நேரக் கெடு வைத்தார்கள், 2026 பிப்ரவரியில் அதை இன்னும் குறைத்தார்கள். போக்சோ வழக்கில் குழந்தையைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிடக் கூடாது. சீருடை இல்லாமல் அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். கூடவே வன்கொடுமைச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் போடும் சாதி இழிவும் பொதுப் பார்வையில் நடப்பதே என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் சொன்னது கையில் இருக்கட்டும்.

கடைசியாக, வீட்டில் பிள்ளை வந்து "இப்படி ஆயிடுச்சு" என்று சொன்னால், முதல் வார்த்தையாக "உனக்கு எதுக்குப் போன்?" என்று கேட்காதீர்கள். நான் அதைக் கொஞ்சம் மரியாதையான வார்த்தையில் கேட்டவன். ஒரு பிள்ளையின் படிப்பு அதில் போனது. மில்லிலிருந்து அவளைத் திரும்பக் கூட்டிவந்து தனித்தேர்வு எழுத வைக்க இந்த வருசம் முயற்சி எடுத்திருக்கிறோம். அதற்குப் பாடம் சொல்லித்தர இரண்டு மாணவத் தோழர்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வந்து பேர் கொடுங்கள்.

ஜெய்பீம்.